யூசுப்பின் அயலை

கருப்பையை எடுக்க வேண்டும், ஆனால் எட்டரை ஹீமோகுளோபினை வைத்துக்கொண்டு கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐந்து வாரத்தில் பத்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த தேதி நான்கு மாதம் கழித்துத்தான். மாதத்தில் பாதி நாள் உதிரம் போகிற பாண்டிச்செல்வி அதுவரை தாங்கமாட்டாள்.

ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லும் அதிதி, மாத்திரையோடு முருங்கைக்கீரை, எலுமிச்சைச் சாறு, தினமும் மீன் என்றாள். சாப்பிட்டதும் சாயா கூடாது.

"மீன் கிடைக்குமா?"

"நான் மீன்காரி மேடம்."

"அப்ப பிரச்சினையே இல்ல."

அதிதிக்கு வியாபாரம் தெரியாது. கொச்சங்காடி முனையில் பதினோரு வருடமாக மீன் விற்கும் பாண்டிச்செல்வி நல்ல மீன் தின்றதில்லை. யாராவது கேட்டால் கை தானாக எடுத்துக் கொடுத்துவிடும். வீட்டில் கஞ்சியும் துவையலும்தான்.

முதல் நாள் இரண்டு அயலையை ஐஸுக்கு அடியில் ஒளித்தாள். வாடிக்கையாக வாங்கும் கமலாக்ஷி டீச்சர் வந்து கிளறினார்.

"நல்லத ஒளிச்சுட்டு பழசையா எனக்குத் தர்ற?"

"அது எனக்கு டீச்சர். ஆபரேஷனுக்கு."

"உனக்குன்னா நல்லதாத்தான் இருக்கும். அதைத் தா."

கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து வந்தவர்களெல்லாம், "அக்கா, ஒங்க மீன் எங்க?" என்றுதான் கேட்டார்கள். ஒரு வாரத்தில் பதினான்கு அயலை போயிற்று. ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஆறு.

பக்கத்தில் எலுமிச்சை விற்கும் யூசுப் கத்தினான். "அக்கா, உங்களுக்கு வட்டா, பைத்தியமா? சாகணும்னு ஆசையா?"

"கேட்டா எப்படிடா இல்லேங்கிறது?"

"நான் அச்சாரம் கொடுத்தா, அந்த மீனை டீச்சருக்கு விப்பீங்களா?"

"சீ! அது எப்படி?"

யூசுப் நான்கு எலுமிச்சையை அவள் முன்னால் வைத்தான். "இந்தாங்க அச்சாரம். அந்த ரெண்டும் என்னுது. சாயங்காலம் நீங்க கொண்டுபோய்த் தின்னுங்க."

வயிறு உடைந்த இரண்டை அவனுக்கு ஒதுக்கினாள். "இதையா எனக்கு? பெருசை எடுங்க," என்று சண்டை பிடித்தான்.

அன்றிலிருந்து டீச்சர் கெஞ்சினாலும், "யூசுப் மீன், தொடாதீங்க," என்றாள். சாயங்காலம் முள்ளைக்கூட விடாமல் தின்றாள்.

ஐந்தாவது வாரம் பத்து புள்ளி ஒன்று. வியாழக்கிழமை ஆபரேஷன். சீட்டோடு அவள் கடைக்குத் திரும்பியபோது யூசுப்பின் மனைவி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"தினம் ரெண்டு பெரிய அயலை வாங்குறாராமே? டீச்சர் சொன்னாங்க. எந்த வீட்டுக்குப் போகுது?"

"என் வீட்டுக்குத்தான்," என்றாள் பாண்டிச்செல்வி.

யூசுப் தலையில் கைவைத்தான். பாண்டிச்செல்வி சீட்டை நீட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மனைவி இரண்டு முறை படித்தாள்.

"அவங்களுக்கு ரத்தம் ஊறினது நல்லது," என்று யூசுப்பிடம் திரும்பினாள். "மீன்கடைக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு, நம்ம வீட்டுல நாலு வாரமா ஏன் கருவாடு?"