வார்டோவுக்கும் ட்ரொம்சோவுக்கும் நடுவே

சாதகம் பார்க்காமல் என் மகனுக்குக் கலியாணம் இல்லை என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். நிலக்சன் இங்கே டோர்ட்மண்ட் நகரத்திலேயே பிறந்து வளர்ந்து, எஞ்சினியராகி, எனக்கே புத்தி சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டவன். அதற்காக நான் விட்டுவிடுவேனா? அவன் விரும்பிய கம்சனா நல்ல பிள்ளைதான். ஆனால் அவளுக்குச் சாதகமே இல்லை என்றார்கள். எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளுடைய தாய் மகாதேவி பக்கத்து நகரமான எசனிலிருந்து தனியாக வந்தாள். தேத்தண்ணியைக் கொடுத்ததும் கொடுக்காததுமாகக் கேட்டேன்.

"பிள்ளை எங்கை பிறந்தவள் எண்டாவது சொல்லுங்கோவன்."

"அதைத்தான் சொல்ல ஏலாமல் கிடக்கு, அக்கா. பிளேனுக்குள்ளை பிறந்தவள்."

மகாதேவியும் கணவரும் முதலில் நோர்வேயின் வடக்கு முனையில், வார்டோ என்ற ஊரில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள். எட்டாம் மாதமே வலி வந்துவிட, அம்புலன்ஸ் விமானத்தில் ட்ரொம்சோ ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருக்கிறார்கள். நான் போனில் தேடிப் பார்த்தேன். நேர்கோட்டில் நானூற்றறுபது கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு கூட அவ்வளவு தூரமில்லை. பறக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும், கீழே பனியும் கடலும்தான்.

"சாதகம் எழுதக் கோயில் ஐயரிட்டையும் கேட்டனான். பிறந்த இடமும், அண்டைக்குச் சூரியன் உதிச்ச நேரமும் வேணுமாம். இடம் ஆகாசம். தை மாசத் தொடக்கத்திலை அங்கை சூரியன் உதிக்கிறதே இல்லை, அக்கா. ரெண்டு மாசம் இருட்டுத்தான்."

"பிறகு?"

"பிள்ளை பிறந்து அழேல்லை. நீலமாய்க் கிடந்தவள். நேர்ஸ் முதுகைத் தேய்ச்சுக்கொண்டே இருந்தவ. இன்னும் பாதித் தூரம் கிடக்கு எண்டு முன்னுக்கிருந்து பைலட் சொல்லிக் கேட்டது. அப்பதான் இடப்பக்கக் கண்ணாடியிலை சிவப்பாய் வெளிச்சம். நிலத்திலை நிண்டால் தெரியாத சூரியன், அவ்வளவு உயரத்திலை தெரிஞ்சுது. முகத்திலை பட்டதும் அழுதாள்."

ஒரு நாட்டின் வடக்கு முழுவதும் இருட்டில் கிடக்க, அந்தச் சின்ன விமானத்துக்கு மட்டும் ஒரு உதயம்! கோயிலில் திரை விலகும்போது வருகிற நடுக்கம், என் வீட்டுச் சோபாவில் இருந்தபடியே எனக்கு வந்தது. இத்தனை நாளும் இந்தப் பிள்ளையையா சந்தேகப்பட்டேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

"இறங்க இறங்கச் சூரியன் மறைஞ்சு போச்சுது," என்றாள் மகாதேவி. "கீழை திரும்பவும் இருட்டு. அவள் மட்டும் அழுகையை நிப்பாட்டேல்லை." சிரித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். "சாதகம் இல்லாட்டில் வேண்டாம் எண்டு சொல்லிப்போடுவியளோ, அக்கா?"

கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த நிலக்சன் தலையை நீட்டினான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னம்மா, பொருத்தமில்லையோ?"

"நீ ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், மழைக்குள்ளை, இந்த டோர்ட்மண்ட் ஆஸ்பத்திரியிலை பிறந்தனீ. பேசாமல் நில்லு."

மகாதேவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ரை பொடியனை மாப்பிளையாய் எடுப்பியளோ?" என்று கேட்டேன்.