ஐம்பத்தைந்து இஞ்ச்

...ஆனால் சிரித்தேனா, முதலில் அதைத்தானே தெரிந்துகொள்ள வேண்டும், கன்னம் இரண்டும் ஒரு நொடி மேலே ஏறியது உண்மை, ஏறினால் அது சிரிப்புதானா, கண் கூசினாலும் கன்னம் ஏறத்தானே செய்யும், அன்றைக்கு வீடியோக்காரர் குமாரதாஸ் தூக்கிப் பிடித்த விளக்கு நேராக முகத்தில் அடித்தது, அதனால் இருக்கலாம்... விக்டோரியா அவித்த பயறைப் பாத்திரத்தில் கொட்டினாள், பாதி வெளியே சிதறியது. ஹாலில் சுவரைத் துளைக்கும் சத்தம் நின்று நின்று கேட்டது. கேபிள் பெனிட்டோ மதியம் வந்தவர், மூன்று மணி ஆகியும் ஆணி அடித்து முடியவில்லை. தோஹாவிலிருந்து கம்பளியில் சுற்றி, கயிறு கட்டி, மூன்று பக்கமும் கறுப்பு மையில் ததேயுஸ் என்று தன் பெயர் எழுதிப் புருஷன் கொண்டுவந்த டிவி கட்டிலின்மேல் சாய்ந்து கிடந்தது, ஆளை விழுங்கும் கறுப்பு. காலையில் கோவிலில் மாமிக்கு ஆண்டுப் பூசை முடிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் ஜெபம், ஜெபம் முடிந்ததும் அடக்க வீடியோ. புது டிவியில் போட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பெற்ற தாய் செத்தபோது வர முடியாதவனுக்கு வேறு என்ன ஆசை இருக்கும், அதில் தப்பென்ன, தப்பு முழுக்க என் கன்னத்தில் அல்லவா இருக்கிறது.

இந்தக் கரையில் எல்லா வீட்டு அலமாரியிலும் கல்யாண டிவிடி பக்கத்தில் அடக்க டிவிடி இருக்கும். துபாயிலும் தோஹாவிலும் கிடக்கிறவர்களுக்காக எடுப்பது. அதற்கென்று ஒரு முறை உண்டு, பெட்டியை மூடும் முன்னால் ஒவ்வொருவராக நெற்றியில் முத்தம் கொடுக்கும்போது வீடியோக்காரர் பக்கத்தில் நிற்பவர்களைக் கையால் விலக்குவார், 'மருமக முகம் விழட்டு, அங்க இருந்து பாக்கியது மகனில்லியா' என்பார். அப்படித்தான் குமாரதாஸும் விலக்கினார். அவள் குனிந்தாள், முத்தம் கொடுத்தாள், நிமிர்ந்தாள், அப்போது காதில் ஒன்றும் கேட்கவில்லை. சுற்றி இத்தனை பெண்கள் ஒப்பாரி வைக்கிறார்கள், அவள் காது வேறொன்றைத் தேடியது. நாலு வருஷமாக உள்ளறையிலிருந்து வந்த குரல், ஏட்டி விக்டோரியா, தண்ணி, ஏட்டி விக்டோரியா, திருப்பிக் கிடத்து, ஏட்டி, ஏட்டி... அது வரவில்லை. இனி வராது. அந்த நொடியில்தான் கன்னம் ஏறியது. உடனே முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. நாலு வருஷம் புண் வராமல் பார்த்தவள், தூக்கித் தூக்கி இடுப்பு போனவள், அவளுக்கு ஒரு நொடி கிடையாதா? கிடையாது. அடக்க வீட்டில் கிடையாது.

பழைய குண்டு டிவியில் போட்டபோது அவள் முகம் ஒரு மஞ்சள் திட்டாக இருந்தது. விளக்கும் பூமாலையும் முகமும் ஒன்றாகக் கலங்கி, அதற்குக் கீழே குலுங்கும் தோள் மட்டும் தெரிந்தது. நாத்தனார் ஷெர்லிதான் முதலில் சொன்னாள், 'பாத்தியளா, எங்க மைனி அழுத அழுகைய, பெத்த மக நான்கூட அப்படி அழல்ல' என்று. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் கருவாட்டுப் பொட்டலத்தோடு பென்டிரைவையும் கொண்டுபோய் தோஹாவில் கொடுத்தார், ததேயுஸ் மறுநாளே கூப்பிட்டான். 'வீடியோ பாத்தேன், நீ நின்னதையும் பாத்தேன்' என்றான். அழுகையைச் சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள். அதுவரை பதினோரு வருஷமும் போன் வந்தால் அம்மையிடம் அரைமணி, அவளிடம் 'எல்லாம் செரிதானே', அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டான். சாப்பிட்டியா என்று கேட்டான். என்ன கறி வைத்தாய், இடுப்பு வலி எப்படி, ஆஸ்பத்திரிக்குப் போனாயா... நாற்பது வயதில் ஒருத்திக்குப் புருஷன் கிடைத்தான், அதுவும் ஒரு மஞ்சள் திட்டு வாங்கிக் கொடுத்தது.

'எக்கா, ஒரு துணி தாங்க' என்றார் பெனிட்டோ. டிவி சுவரில் ஏறிவிட்டது. அதனுள் ஏதோ நாட்டுப் பூ ஒன்று விரிந்துகொண்டிருந்தது, இதழின் மேல் நடந்த எறும்பின் கால் மயிர்கூடத் தெரிந்தது. எறும்புக்கே இப்படியென்றால்... ததேயுஸ் இடுப்பில் கைவைத்து மாப்பிள்ளையைப் பார்ப்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'இது ஃபோர் கே. இதுக்கு மேல எட்டு கே வருது, கேட்டியளா பெனிட்டோ? பேப்பர் மாதிரி சுருட்டி வைக்கிய டிவியும் வரும்.' பெனிட்டோ சிரித்தார். 'சுருட்டி வச்சா உங்க ஊட்டுல கருவாடு காயப் போடுவாவ. அது கெடக்கட்டு, நம்ம கேபிளே மாறப்போவுது. இனி வீட்டுக்கு வீடு பெட்டி. எல்லாம் டிஜிட்டல்.' வாசலில் நின்ற ஷெர்லி, 'பெட்டி வச்சா மழை நேரம் புள்ளி புள்ளியா வராதா?' என்று கேட்டாள். 'புள்ளிக்க கதை முடிஞ்சு போச்சு. பழசுல சிக்னல் குறைஞ்சா குறைஞ்ச மட்டுக்கு மங்கலா ஓடும், ஆளுக்க நெழலாவது தெரியும். இதுல ஒண்ணு சுத்தமா வரும், இல்லியா, ஒண்ணுமே வராது. நடுவுல நிக்கிய ஏற்பாடே கெடையாது.'

நடுவில் நிற்க இடமே கிடையாதா? விக்டோரியா துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். சின்ன வயதில் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு நின்றால் கீழேயிருந்து வந்தாச்சு, போயாச்சு என்று கத்துவார்கள், இலங்கைக்காரன் பாதி, திருவனந்தபுரத்துக்காரன் பாதி, அந்தப் பாதியில் யார் அழுகிறார்கள் யார் சிரிக்கிறார்கள் என்று யாரும் அடித்துச் சொன்னதில்லை. பார்க்கிறவர்கள் மிச்சத்தைப் போட்டுக்கொள்வார்கள். இனி அந்த வேலையும் இல்லை போலும். ஆனால் என்னால் சுத்தமாகச் சொல்ல முடியாதே, நிம்மதியும் இருந்தது, அந்தக் கிழவி போய்விட்டாளே என்ற இடியும் இருந்தது, பிறகு மூன்று மாதம் ராத்திரி எழுந்து அந்த வெறுங்கட்டிலைப் போய்ப் போய்ப் பார்த்தேன், அதையெல்லாம் எந்த கே காட்டும்?

உள்ளே போய் அலமாரியைத் திறந்தாள். ததேயுஸ் திருப்பிக் கொண்டுவந்த, சிவப்பு நூல் கட்டிய பென்டிரைவ் ஜெபமாலைக்கு அடியில் கிடந்தது. டிவிடி என்றால் மங்கலாகத்தான் வரும், பெனிட்டோவே சொன்னார். இதில் எடுத்தது எடுத்தபடி இருக்கும், இதுதான் பொல்லாதது. என்ன செய்கிறோம் என்று யோசிக்கும் முன்னால் அரிசி டின்னுக்குள் கை போயிருந்தது, முழங்கை வரை, அடியில், அடியில்... கையை உதறிக்கொண்டு வெளியே வந்தவளிடம் ததேயுஸ், 'ஏட்டி, அந்த பென்டிரைவ எடு' என்றான். 'காணல்லியே. இங்கதான் வச்சேன்.' குரல் தனக்கே திருடியின் குரலாகக் கேட்டது. அவன் அவளைப் பார்த்தான். அவள் முழங்கையில் அரிசித் தவிடு ஒட்டியிருந்தது, அவள் அதைப் பிறகுதான் கவனித்தாள். 'செரி, கெடக்கட்டு. எனக்க போன்ல இருக்கு, அதுல இருந்து போடுவோம்.' போனிலா? போனில் என்றால் உள்ளங்கை அளவு, முகம் உளுந்தளவு... 'அது தெளிவா வருமா?' என்று பெனிட்டோவிடம் கேட்டாள், முடிந்தவரை சாதாரணமாக. 'பென்டிரைவுல உள்ளது அப்படியே ஏறினதுதானே எக்கா. சின்னதா தெரியும், அவ்வளவுதான். ரெண்டு விரல வச்சு இழுத்தா இந்த டிவியவிட பெரிசா காட்டும்.'

இரண்டு விரல். அவள் அதை மனதுக்குள் செய்து பார்த்தாள். தோஹாவில் அடுக்குக் கட்டில், மேல் தட்டில் ததேயுஸ், இருட்டில் போன் வெளிச்சம், இரண்டு விரல்... இழுத்திருப்பானா? அம்மையின் முகத்தை இழுத்துப் பார்த்திருப்பான், என்னுடையதை எதற்கு?

ஜெபம் முடிவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. பாயில் பெண்கள், நாற்காலியில் ததேயுஸின் சித்தப்பா, கதவோரம் பெனிட்டோ. விக்டோரியா அடுக்களை வாசலில் நின்றாள், ஒரு கால் உள்ளே. படம் ஓடியது. மாமியின் நெற்றிச் சுருக்கம், கையில் சுற்றிய ஜெபமாலையின் ஒவ்வொரு மணி, மெழுகுவர்த்தியில் வழிந்து நின்ற சொட்டு, எல்லாம் நேரில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. யாரோ விசும்பினார்கள். ஷெர்லி முத்தம் கொடுத்தாள், திரையில் அவள் மூக்குத்திக் கல் மின்னியது. பாயிலிருந்த ஷெர்லி பக்கத்திலிருந்தவளின் தொடையில் தட்டினாள். 'இப்பம் பாரு, எங்க மைனி வருவாவ. இப்பதான் நல்லா தெரியப் போவுது.' திரையில் குமாரதாஸின் கை நீண்டு ஆட்களை விலக்கியது. பச்சைச் சேலை வந்தது. குனிந்தது. விக்டோரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடலாமா, மூடினால் எனக்குத் தெரியாமலே போய்விடுமே...

ததேயுஸ் எழுந்தான். 'வயரு லூசா கெடக்கு' என்று சொல்லிக்கொண்டே நேராக டிவிக்கு முன்னால் போய் நின்று, பின்னால் கைவிட்டு எதையோ துழாவினான். அகலமான முதுகு, வெள்ளைச் சட்டை, திரையின் நடுப்பாகம் முழுக்க அவன்தான். 'எண்ணே, மாறுங்க, மைனி முகம் மறையுது!' என்று ஷெர்லி கத்தினாள். 'படம் நல்லாத்தான் வருது' என்றார் பெனிட்டோ கதவோரத்திலிருந்து. அவன் மாறவில்லை. அவன் தோளுக்கு மேலே மாலையும், முழங்கைக்குக் கீழே பச்சைச் சேலையும் தெரிந்தன. ஒப்பாரி மட்டும் கேட்டது. பிறகு பெட்டியை மூடும் சத்தம் வந்தது. அது வந்த பிறகுதான் அவன் கையை வெளியே எடுத்தான், வெறுங்கையைத் துடைத்தான், திரும்பி வந்து உட்கார்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. 'ஏட்டி, எல்லாருக்கும் சாயா குடு' என்றான்.

அவள் அடுக்களைக்குள் திரும்பினாள். கெட்டிலைத் தூக்கினாள், வைத்தாள். ஒன்றேகால் மணி நேரப் படம், அதில் அந்த இடம் மூன்று நொடிகூட இருக்காது, எழுந்த நேரமும் உட்கார்ந்த நேரமும் அப்படி அளந்த மாதிரி ஒருவனுக்கு வர வேண்டுமென்றால் எத்தனை தடவை பார்த்திருக்க வேண்டும்... எல்லாரிடமிருந்தும் என்னை மறைத்தானா, தான் பார்க்கக் கூடாதென்று எழுந்தானா? நீ நின்னதையும் பாத்தேன் என்றுதானே சொன்னான், அழுததை என்று ஒரு நாளும் சொல்லவில்லையே, அழுகையை நானாகத்தானே போட்டுக்கொண்டேன். ஹாலிலிருந்து ஷெர்லியின் குரல் கேட்டது, 'ஒண்ணூடி பின்னால தள்ளிப் போடுங்கண்ணே', அதற்கு அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. விக்டோரியா தம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டே போனாள், ஆள் கணக்கைத் தாண்டியும் வைத்துக்கொண்டிருந்தாள்... அப்படியானால் இந்த ஒரு வருஷமும், தினமும், சாப்பிட்டியா என்று அவன் கேட்டது யாரை?