கல்லின் இடதுபக்கம்

எங்கள் ஆயா அன்னம்மாளின் கல்லறைக் கல்லில் வலதுபக்கம் மட்டும்தான் எழுத்து இருந்தது. இடதுபக்கம் வழவழவென்று காலி. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, மெழுகுவர்த்தியும் சாமந்தியுமாக அந்தச் செகந்தராபாத் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது அதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கல் வெட்டுகிறவன் பாதியில் ஓடிப்போய்விட்டானா என்று ஒருத்தர் கேட்டு வைத்தார். டாடி அவரோடு இரண்டு வருஷம் பேசவில்லை.

அந்த இடம் ஆயாவின் புருஷன், டாடியின் அப்பா, எங்கள் தாத்தா சாரங்கபாணிக்கு. பட்டாளத்தில் பாலம் கட்டும் பிரிவில் இருந்தவர். 1943-ல் கப்பலேறி இத்தாலிக்குப் போனார். அடுத்த வருஷம் டிசம்பரில் அங்கேயே இறந்துபோனார். டாடிக்கு அப்போது பதினோரு மாதம். அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. காயத்தால் இறந்தார் என்பதற்கு மேல் தந்தியில் ஒன்றும் இல்லையாம். ஆயா கடைசியாக டாடியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: யாராவது போய் அவர் குழியைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பெயரை வெட்டுங்கள், பார்க்காமல் வெட்டாதீர்கள். அதற்கப்புறம் முப்பது வருஷம் ஓடிவிட்டது. இத்தாலி என்ன, எங்கள் வீடு இருக்கும் அல்வாலிலிருந்து பஸ் ஏறிப் போகிற இடமா?

என் தம்பி கலேப் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். இரண்டு வருஷம் ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்ததிலிருந்து ஐரோப்பாவே அவன் கொல்லைப்புறம் மாதிரிப் பேசுவான். 2011 தசரா லீவில் போகலாம், டீச்சர் அக்காவுக்கும் பள்ளிக்கூடம் இருக்காது, நாம் மூன்று பேரும் போய் வந்துவிடலாம் என்றான். டாடிக்கு அறுபத்தேழு வயது. அன்றைக்கே போய் சூட்கேஸ் வாங்கி வந்துவிட்டார்.

அதற்கு மறுவாரம் கலேப் ஆபீசிலிருந்து எனக்குப் போன் செய்தான். போர்க் கல்லறைகளின் பட்டியலை இன்டர்நெட்டில் தேடியிருக்கிறான்.

"அக்கா, தாத்தா பேர் கெடச்சிருச்சு. ஃபோர்லின்னு ஒரு ஊரு. ஆனா குழி இல்ல. எரிச்சிருக்காங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தாத்தா ஆற்காட்டுப் பக்கத்துக்காரர். இங்கே பொல்லாரம் முகாமில் இருந்தபோது ஆயாவைப் பார்த்து, பிடித்து, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். சபைப் புத்தகத்தில் அவர் தானியேல் சாரங்கபாணி. பட்டாளத்துக் காகிதத்திலோ வெறும் சாரங்கபாணி, இந்து. அதை மாற்றினால் ஊரில் இருக்கும் அண்ணனுக்குக் கடிதம் போய்விடும், அண்ணன் வெட்டரிவாளோடு ரயிலேறி வந்துவிடுவான் என்று பயம். சண்டை முடிந்து வந்து மாற்றிக்கொள்ளலாம் என்றாராம். பெண்டாட்டி பெயர் அன்னம்மாள் என்று எழுதிக் கொடுத்தார். இந்துக்களும் வைக்கிற அந்தப் பெயரைப் பார்த்து எந்த அதிகாரிக்குச் சந்தேகம் வரும்? அவர் செத்தபோது கூட இருந்தவர்கள் காகிதத்தில் இருந்தபடி முறையாகச் செய்துவிட்டார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

இது வேறு வீடாக இருந்தால் பெரிய விஷயம் இல்லை. ஆனால் டாடி, கடைசி எக்காளம் ஊதும்போது மரித்தவர்கள் மண்ணிலிருந்து எழுந்து வருவார்கள் என்று எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர். பெங்களூரில் சொந்தச் சித்தி மகனை எரித்தார்கள் என்பதற்காக அந்தச் சாவுக்கே போகாதவர். அவரிடம் போய் யார் சொல்வது? நீ சொல்லு என்றேன். நீதான் பெரியவ என்றான் கலேப். டிக்கெட் வந்தது, விசா வந்தது, எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் மட்டும் வரவில்லை. எங்களைக் கோழைகள் என்று யாராவது திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பேன்.

டாடி ஒரு பாக்கெட் வெள்ளை மெழுகுவர்த்தியும் ஒரு தீப்பெட்டியும் கைப்பையில் வைத்துக்கொண்டார். மெழுகுவர்த்தி அங்கேயே கிடைக்கும் என்றான் கலேப்.

"நக்கோ, வேணாம். நம்ம சர்ச் கடை மெழுகுவர்த்திதான் அவருக்கு வெக்கணும்" என்றார் டாடி. ஷம்ஷாபாத் ஏர்போர்ட்டில் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வழியெல்லாம் அதற்காக முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

ஃபோர்லிக்கு ரயிலில் போய் இறங்கி டாக்சி பிடித்தோம். கல்லறைத் தோட்டம் அவ்வளவு சுத்தம். புல்லைப் பார்த்தால் நேற்றுத்தான் வெட்டிய மாதிரி இருந்தது. வரிசை வரிசையாகக் கற்கள். எல்லாம் நம் ஊர்ப் பெயர்கள். டாடி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரிசையிலிருந்து ஒவ்வொரு கல்லாகக் குனிந்து படிக்க ஆரம்பித்தார். நானும் கலேபும் பின்னால் போனோம். இரண்டு வரிசை, மூன்று வரிசை. அவருக்கு மூட்டு வலி வேறு. நாலாவது வரிசையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை.

"டாடி, இங்க இல்ல. அங்க" என்று தள்ளி நின்ற நினைவுச் சின்னத்தைக் காட்டினேன்.

அங்கே குழிகள் இல்லை, கல்லில் வெட்டிய பெயர்கள்தான். டாடி மேலே இருந்த ஆங்கில வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். இந்த வீரர்களின் உடல்கள் நெருப்பிடம் ஒப்படைக்கப்பட்டன என்ற இடத்தில் விரல் நின்றது. அப்புறம் பெயர்களில் இறங்கி, சாரங்கபாணியைக் கண்டுபிடித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"எரிச்சிட்டாங்களா?"

"ஹவ் டாடி, எரிச்சிட்டாங்க" என்றான் கலேப்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தலையை ஆட்டினோம். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகப் புல்லில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் கூட்டி வந்து இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. ஆயா கேட்ட குழி இனிமேல் எந்தக் காலத்திலும் கிடைக்காது. கல்லின் இடதுபக்கம் அப்படியேதான் கிடக்கும்.

டாடி நிமிர்ந்து கல்லைப் பார்த்துப் பேசினார். எக்காளத்தைப் பற்றிப் பேசவில்லை.

"அவங்க வழக்கத்துல மகன்தானே கொள்ளி வெப்பாங்க?"

"ஆமா டாடி" என்றேன்.

"யார் வெச்சிருப்பான் எங்கப்பாவுக்கு?"

கூட இருந்தவர்கள் யாராவது வைத்திருப்பார்கள் என்றான் கலேப். டாடி தலையை ஆட்டினார்.

"யாரோ ஒரு புண்ணியவான். நான் அன்னிக்கு பொல்லாரத்துல தொட்டில்ல கெடந்திருக்கேன்."

பையைத் திறந்து மெழுகுவர்த்தியை எடுத்தார். எடுத்த பிறகுதான் நெருப்பு இல்லை என்பது நினைவுக்கு வந்தது. தோட்டத்தில் எங்களைத் தவிர ஆள் இல்லை. டாக்சியும் போய்விட்டது. டாடி அந்த மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் எங்களைப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

கலேப் பேன்ட் பாக்கெட்டிலிருந்து, இங்கே வந்து வாங்கிய ஒரு சிவப்பு லைட்டரை எடுத்து நீட்டினான். அவன் சிகரெட் பிடிப்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். டாடி லைட்டரைப் பார்த்தார், அப்புறம் அவனைப் பார்த்தார்.

"எத்தன வருஷமா?"

"எட்டு, டாடி."

"குடு."

காற்று விடவில்லை. மூன்று தடவை அணைந்தது. கலேப் தன் கோட்டைக் கழற்றி விரித்துப் பிடித்தான், நான் கையால் மறைத்தேன். நாலாவது தடவை டாடியே பற்றவைத்து, சாரங்கபாணி என்ற பெயருக்கு நேர் கீழே நிறுத்தினார். நின்று எரிந்தது. ஜெபம் பண்ணுவார் என்று நாங்கள் கண்ணை மூடினோம். அவர் ஜெபம் பண்ணவில்லை. "வந்துட்டேம்ப்பா, கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்று மட்டும் சொன்னார். அறுபத்தேழு வயதில் ஒருத்தர் முதல் தடவையாக அப்பா என்று கூப்பிட்டதை நான் கேட்டேன்.

திரும்பி வந்த மறுநாளே கல் வெட்டுகிறவரை டாடி கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். ஆயா குழியைத்தானே பார்க்கச் சொன்னார்கள் என்று நான் மெதுவாக இழுத்தேன்.

"போய்ப் பாத்தாச்சு. குழி இல்லன்னு பாத்தாச்சு. எங்கம்மாவுக்கு அது போதும்" என்றார்.

இடதுபக்கத்தில் தானியேல் சாரங்கபாணி என்று இரண்டு பெயரையும் வெட்டச் சொன்னார்.

நவம்பர் இரண்டாம் தேதி சாயந்திரம் தோட்டம் முழுக்கக் கூட்டம். எங்கள் சர்ச் ஐயர் நின்றார், சபை மூப்பர்கள் எல்லாரும் நின்றார்கள். டாடி கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "கலேப், ஒன் லைட்டரைக் குடு" என்று சத்தமாகக் கேட்டார். என் தம்பி நின்ற இடத்திலேயே பாதியாகிவிட்டான். ஆயாவின் பக்கத்து மெழுகுவர்த்திகளை ஏற்ற எங்கள் எல்லாரையும் விட்டார். இடதுபக்கத்து மெழுகுவர்த்தியைத் தொட வந்த மூப்பரின் கையைத் தடுத்துவிட்டு, மூட்டு வலியோடு முழங்கால் போட்டு, அதை அவரே ஏற்றினார்.