வடக்குச் சுவர்

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த அறையில் ஏசி மண்டையைப் போட்டது. இன்றைக்குப் புதன். பன்னிரண்டு பேர் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வெந்துகொண்டிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் தெருவில் அடிக்கிற ஹார்ன் வாடிக்கையாளர் காதில் விழும். மின்விசிறி போட்டால் மைக்கில் இரையும். ஆக, ரெண்டும் கூடாது. எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ!

கடுகு மூன்றாவது முறையாகப் பராமரிப்புப் பிரிவைக் கூப்பிட்டாள். ஆள் குள்ளம், கோபம் வந்தால் படபடவென்று பொரிவாள், அதனால் அலுவலகத்தில் அந்தப் பெயர். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா மேடம்? புகார் பதிவாயிடுச்சு. இருபத்திநாலு மணி நேரத்துல ஆள் வருவார்" என்றது அந்தப் பக்கம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே தினமும் நாற்பது பேருக்குச் சொல்கிற வசனம் அது, ஒரு எழுத்து மாறாமல்!

அவள் வேலை அப்படி. கடலுக்கு அந்தப் பக்கம், பாதி வருஷம் பனி கொட்டுகிற ஒரு மலை நாட்டில், வீட்டைச் சூடாக்கும் மெஷின் விற்கிற கம்பெனி. அங்கே குடியிருக்கும் தமிழ்க்காரர்கள் மெஷின் நின்றுபோனால் இங்கேதான் கூப்பிடுவார்கள். பனியைக் கண்ணாலேயே பார்க்காத பன்னிரண்டு பேர், மேசையில் ஒட்டிய தாளைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதுவும் ஏழு நிமிஷத்துக்குள். அன்றைக்கு எல்லாரையும் விடச் சீக்கிரம் பேச்சை முடித்தவருக்குச் சுவர் அட்டையில் மேற்பார்வையாளர் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார். அவருக்கு 'ஏழு நிமிஷம்' என்றே பட்டப்பெயர். திங்கட்கிழமை நட்சத்திரம் கடுகுக்கு.

மதியம் இரண்டு மணிக்கு ஒரு வயதானவர் கூப்பிட்டார்.

"மூணாவது நாளா கூப்பிடறேம்மா. என் வீட்டுக்காரி மூச்சுத்திணறல்னு ஆஸ்பத்திரியில இருந்துட்டு வந்து நாலு நாள்தான் ஆகுது. மூணு போர்வைக்குள்ள நடுங்கிட்டுக் கிடக்கா. வீட்டுக்குள்ளயே எட்டு டிகிரி."

கடுகு தாளைப் பார்த்தாள். "சிவப்புப் பொத்தானை அஞ்சு செகண்ட் அழுத்திப் பிடிங்க ஐயா."

"அதை அழுத்தி அழுத்தி என் கட்டைவிரல் தேஞ்சு போச்சு."

"ஆள் வரலையா?"

"எங்க வர்றது? எங்க வீடு மலைச்சரிவுல இருக்கு. ரோடெல்லாம் பனி. வண்டி ஏறாதுன்னு அடிவாரத்தோட திரும்பிடறாங்க. வெளிய மைனஸ் பதினொண்ணு. உங்க பக்கம் எப்படி?"

"முப்பத்தொம்பது."

"அதுல பாதியை இந்தப் பக்கம் தள்ளி விடேன்" என்று சிரித்தார். பின்னால் அந்த அம்மா இருமுவது கேட்டது. இருமல் நிற்கவில்லை.

கடுகுக்குத் தாளைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. இது மேசை மாதிரி தட்டையான ஊர், ஒரு மழைக்கே தண்ணீர் போக வழியில்லாமல் வாசலில் நிற்கும். அங்கே வண்டியே ஏற முடியாத செங்குத்து. இரண்டையும் பார்க்காத எவனோ குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதிய தாள்.

"மெஷின் சுத்தமா எரியவே இல்லையா ஐயா?"

"ரெண்டு நிமிஷம் எரியுது. அப்புறம் உள்ள கொளகொளன்னு ஒரு சத்தம். உடனே அணைஞ்சிடுது."

கொளகொள! அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் போடுகிற அதே சத்தம். உள்ளே தண்ணீர் வடிகிற ஓட்டையில் ஐஸ் கட்டிக்கொள்ளும், காய்கறித் தட்டில் குளம் நிற்கும், அம்மா திட்டிக்கொண்டே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுவாள். அவளுக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான்.

"மெஷின்ல இருந்து தண்ணி வடியற குழாய் வெளிய போகுதா?"

"கட்டைவிரல் தடிமன்ல ஒண்ணு போகுது. சமையலறைக்கு வெளிய, வடக்குச் சுவர்ல."

இங்கே வடக்குப் பார்த்த அறைக்கு அடித்துக்கொள்வார்கள், வெயில் வராது என்று. அங்கேயும் வராது. அதுதான் வினையே! குழாய்க்குள் ஐஸ் அடைத்துக்கொண்டு, தண்ணீர் போக வழியில்லாமல் மெஷின் அணைகிறது.

தோளுக்குப் பின்னால் ஏழு நிமிஷம் வந்து நின்றார். "ஆறரை நிமிஷம் ஆச்சு. இருபத்திநாலு மணி நேரம்னு சொல்லிட்டு வை."

அவள் மைக்கை அணைத்தாள். "மூணு நாளா ஆள் போகலை சார். குழாய்ல ஊத்த வெந்நீர் போதும்."

"வெளிய போகச் சொல்லாதேன்னு தாள்லயே போட்டிருக்கு. கிழவர் வழுக்கி விழுந்தா நீ தூக்குவியா? வேலை இருக்கணுமா வேணாமா?"

அவர் சொன்னதும் நியாயம்தான், அதனால் எரிச்சல் இன்னும் ஏறியது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மைக்கைப் போட்டாள். "ஐயா, படி இறங்காதீங்க. சமையலறை ஜன்னலைத் திறந்தா குழாய் கைக்கு எட்டுமா?"

"ஜன்னலுக்கு நேர் கீழதான் போகுது. ஒரு முழம் இருக்கும்."

"முதல்ல அம்மா ரூம் கதவைச் சாத்துங்க. அப்புறம் ஜக்குல வெதுவெதுப்பா தண்ணி எடுத்து மேல இருந்தே ஊத்துங்க. கொதிக்கக் கொதிக்க வேணாம், குழாய் வெடிச்சிடும்."

ஒரு ஜக். ஒன்றுமில்லை. இரண்டாவது ஜக். ஏழு நிமிஷம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பன்னிரண்டு நிமிஷம். மூன்றாவது ஜக்கில் குழாய் கடகடவென்றது, பெரியவர் "போகுது, போகுது!" என்று கத்தினார். "இப்ப அந்தச் சிவப்புப் பொத்தான்" என்றாள். குப்பென்று பற்றிக்கொண்ட சத்தம் அவளுக்கே கேட்டது. ஐந்து நிமிஷம் இருவரும் காத்திருந்தார்கள். அணையவில்லை.

"சுவத்துல இருக்கற ரேடியேட்டர் சுடுதும்மா, அறைக்குச் சூடு குடுக்கறது. வீட்டுக்காரி அதுல கையை வெச்சுட்டு எடுக்கவே மாட்டேங்கறா." அவர் குரல் உடைந்தது. "இதை மொத நாளே சொல்லியிருக்கலாமே?"

கடுகு பொரிந்தாள். "மொத நாள் எடுத்தது யாரு ஐயா? சொல்லுங்க, நான் உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்."

"நீதாம்மா. குரல் தெரியாதா? அன்னிக்கும் இந்தக் கொளகொளவைச் சொன்னேன். பாவம், நீ அவசரத்துல இருந்தே."

திரையில் பழைய பதிவைத் திறந்தாள். திங்கட்கிழமை, மதியம் ஒரு மணி. அவள் பெயர்தான். மூன்று நிமிஷம், பத்து விநாடி. 'வாடிக்கையாளர் திருப்தி' என்று அவளே போட்டிருந்தாள். அன்றைக்கு அறை ஜில்லென்று இருந்தது, சால்வை போர்த்தியிருந்தது கூட ஞாபகம் வந்தது. அவர் குரல் மட்டும் ஞாபகம் வரவில்லை.

"மன்னிச்சிடுங்க ஐயா" என்றாள். "இருக்கட்டும், நல்லா இரும்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

"இருபது நிமிஷம்! நாளைக்கு விளக்கக் கடிதத்தோட வா" என்றார் ஏழு நிமிஷம். அவள் காதில் ஏறவில்லை. எழுந்து சுவர் அட்டைக்குப் போய், திங்கட்கிழமைக்கு நேரே இருந்த நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டினாள். நல்ல பசை போட்டு ஒட்டியிருந்தார்கள், வரவே இல்லை.