குப்பம்மா பரணேறும் வழி

தாஹிராவை டோலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு பையன்கள் ஊருக்குள் நுழைந்தபோது, எதிரே ஓடிவந்த மங்கம்மாளின் கையில் கஷாயம் இருந்தது. அந்த மலையூரில் டோலியை எடுப்பது பிரசவம் சிக்கலானால், இல்லையென்றால் பாம்பு கடித்தால். அதுவும் மேலேயிருந்து கீழே போகும். கீழேயிருந்து மேலே வந்து யாரும் பார்த்ததில்லை. "இன்னா நோவு பாப்பாவுக்கு?" என்று கேட்டுக்கொண்டே மங்கம்மாள் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "நோவு ஒண்ணும் இல்லீங்க. காலேஜ் கேம்புக்கு வந்திருக்கேன்" என்றாள் தாஹிரா. மங்கம்மாள் நம்பவில்லை. நாலு பேர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், நோவு இல்லையாம். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப்போக மனசில்லாமல் அப்படியே நின்றாள். வேறு வழியில்லாமல் தாஹிரா ஒரே மடக்கில் குடித்தாள். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கசப்பு நாக்கை விட்டுப் போகவில்லை.

டோலி பஞ்சாட்சரத்தின் ஏற்பாடு. மூன்றாம் வருஷம் படிப்பவன், மாணவர் பேரவையின் சேர்மன், மைக் இல்லாமலே காலேஜ் முழுக்கக் கேட்கும் குரல். தாஹிரா முதல் வருஷம், மாணவிகள் பிரதிநிதி. நிற்க வேறு பெண் கிடைக்காததால் போட்டியில்லாமல் ஜெயித்தவள். எண்பத்தொன்றாம் வருஷம் அது. ஊனமுற்றோர் ஆண்டு என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பஞ்சாட்சரம் காலேஜ் மதில்சுவரில் ‘எங்கள் தோள்கள் உங்கள் கால்கள்’ என்று ஆள் உயரத்துக்கு எழுதினான். எழுதியதோடு நிறுத்திக்கொள்கிற ஆளும் இல்லை. கெமிஸ்ட்ரி லேப் மாடியில் இருந்தது. லேப் உள்ள நாட்களில் மணி அடித்ததும் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு வந்துவிடுவான். தாஹிராவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறுவார்கள். வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் கூடும். சிலர் கைகூடத் தட்டுவார்கள்.

சின்ன வயசில் வந்த இளம்பிள்ளை வாதம். இரண்டு கால்களிலும் இரும்புக் காலிப்பர், இரண்டு கக்கத்திலும் கட்டை. சமதரை என்றால் தாஹிரா யாருக்கும் சளைத்தவள் இல்லை. கைப்பிடியில்லாத அந்தச் செங்குத்துப் படிகள்தான் அவளைக் கீழேயே நிறுத்திவிடும். நாற்காலியில் மேலே போகும்போது தாவணியை இழுத்துப் பிடிப்பதா, நாற்காலிக் கையைப் பிடிப்பதா என்று ஒவ்வொரு தடவையும் தவிப்பாள். பையன்களுக்குக் கிரிக்கெட் மேட்ச் இருந்தால் அன்றைக்கு அவளுக்கு லேப் இல்லை. எரிச்சலாக வரும், அழுகையும் வரும். தன்னைத் தூக்குகிறவனிடம் போய் எப்படிக் குறை சொல்வது? நல்லவன் வேறு. கெட்டவனாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டிருப்பாள்.

இத்தனை பாடு இருந்தும் கெமிஸ்ட்ரிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். வாணியம்பாடியில் அவள் அத்தா ஜப்பாருக்குத் தோல் வியாபாரம். இந்த ஜவ்வாது மலையிலிருந்து மூட்டை மூட்டையாகக் கடுக்காய் வந்து இறங்கும். நாற்றமெடுத்த பச்சைத் தோல் கடுக்காய்த் தண்ணீரில் கிடந்துவிட்டு, கெடாத, கிழியாத சரக்காக வெளியே வருவதைக் குழந்தையிலிருந்து பார்த்தவள். உள்ளே என்னதான் நடக்கிறது? அத்தாவைக் கேட்டால் "அது அப்படித்தாம்மா" என்பார். அவளுடைய காலிப்பருக்குப் பட்டை அந்தத் தோலில்தான், அத்தாவே தேர்ந்தெடுத்து வெட்டியது. ‘அது அப்படித்தான்’ என்பதற்குள் இருப்பதைத் தெரிந்துகொள்ளத்தான், போளூரில் பெரியம்மா வீட்டில் தங்கி, மலைச்சரிவை ஒட்டிக் கட்டியிருந்த அந்தக் காலேஜில் சேர்ந்தாள்.

லேபைக் கீழே கொண்டுவரச் சொல்லிப் பேரவை கேட்டுப் பார்த்தது. கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாம் மேலே போட்டாயிற்று என்றார் பிரின்சிபால். "கட்டடத்த மாத்த முடியாதும்மா, பாடத்த மாத்தலாம். ஹிஸ்டரி கீழயே இருக்குது. தூக்கறப்ப ஒருநாள் கை தவறிப் போனா உங்கப்பாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது? தசரா லீவு முடிஞ்சு வந்து முடிவச் சொல்லு" என்றார். குரலில் கரிசனம்தான் இருந்தது. பஞ்சாட்சரம் விடவில்லை. "நாங்க தூக்கறோம் சார், மூணு வருஷமும் தூக்கறோம்!" என்றான். அவனுக்கு அது கடைசி வருஷம் என்பது அவனுக்கே மறந்துவிட்டது.

அந்த லீவில்தான் இந்தக் கேம்ப். பையன்களும் பெண்களும் காலையிலேயே மண்வெட்டியோடு ரோடு போடக் கிளம்பிவிடுவார்கள். தாஹிராவுக்கு, அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட வராந்தாவில் வெங்காயம் உரிக்கிற வேலை. எதிரே சாமைக்கொல்லை கதிர்விட்டுச் சரிவு முழுக்கத் தலைசாய்ந்து கிடந்தது. அதன் நடுவில் உயரமாக ஒரு பரண், அதன்மேல் ஒரு பெண். கவணைச் சுழற்றிக் கிளிகளை விரட்டிக்கொண்டே இருந்தாள். கீழேயிருந்து பரணுக்கு ஒரு ஏணி நின்றது.

மறுநாள் காலையில் அதே பெண் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போனாள். தரையில் கைகளை ஊன்றி, இடுப்பை நகர்த்தி நகர்த்திப் போனாள். கால்கள் இரண்டும் சூம்பி மடங்கிக் கிடந்தன. முப்பது வயசு இருக்கும். போகிற போக்கில் தாஹிராவின் காலிப்பரை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பரண்மேல் இருக்கிறாள்.

வெங்காயம் அப்படியே கையில் நின்றது.

"அவங்க யாரு?" என்று சமைக்க வந்த மங்கம்மாளைக் கேட்டாள்.

"குப்பம்மா."

"பரண்மேல எப்படிப் போறாங்க?"

"காவலுக்குப் போறா."

"அது தெரியுதுங்க. யாரு தூக்கி வுடறாங்க?"

மங்கம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவள இன்னாத்துக்குத் தூக்கறது? எப்பவும் போறா மாதிரிதான் போறா" என்று சொல்லிவிட்டு அடுப்பு ஊதப் போய்விட்டாள். தாஹிராவுக்கு அத்தாவின் பதில்தான் ஞாபகம் வந்தது. சாயங்காலம் மண்ணும் வேர்வையுமாகத் திரும்பிய பஞ்சாட்சரத்தைக் கேட்டாள். "யாராவது தூக்கி வுடுவாங்க, வேற எப்படி?" என்றான். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பதுபோல, சட்டையைப் பிழிந்துகொண்டே போய்விட்டான்.

அடுத்த நாள் எல்லோரும் வேலைக்குப் போனதும் தாஹிரா கட்டைகளை எடுத்துக்கொண்டு குப்பம்மா போன வழியில் கிளம்பினாள். ஊருக்கு மேல்புறமாகச் சரிவின் விளிம்போடு ஒரு பாதை போனது. ஈரமாக இருந்தாலும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. கட்டை பதிகிற இடமெல்லாம் சிவப்பு மண் ஒட்டிக்கொண்டு வந்தது. மூச்சு வாங்கியது, தாகமாக இருந்தது. ஆனாலும் அந்த விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் திரும்பினால் அவளுக்குத் தூக்கம் வராது.

பாதை கொல்லையின் மேல்முனைக்குப் போய்ச் சேர்ந்தது. பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

கீழேயிருந்து பார்த்தால்தான் அது உயரமான பரண். சரிவில் நட்ட கால்கள். முன்கால்கள் இரண்டு ஆள் உயரம், பின்கால்கள் முழங்கால் உயரம்கூட இல்லை. பரணின் பின்விளிம்பு மலைமண்ணைத் தொடுகிற அளவுக்கு வந்து நின்றது. நடுவில் இருந்த சாண் அகல இடைவெளியில் ஒரு பலகை கிடந்தது. பலகையின்மேல் இடுப்பை நகர்த்தினால் பரண். அவ்வளவுதான். ஏணி, கீழேயிருந்து வருகிறவர்களுக்கு.

தாஹிராவுக்கு வெட்கமாக இருந்தது. யார் தூக்குகிறார்கள் என்று தானும்தானே கேட்டாள்!

"வேடிக்க பாக்க வந்தியா, உள்ள வர்றியா?" என்றாள் குப்பம்மா, திரும்பாமலே.

கட்டைகளை முதலில் பரண்மேல் தள்ளிவிட்டு, உட்கார்ந்து, கைகளை ஊன்றி நகர்ந்தாள் தாஹிரா. பலகை லேசாக முனகியது. உள்ளே போனதும் குப்பம்மா கவணை மடியில் போட்டுவிட்டுக் காலிப்பரைத் தட்டிப் பார்த்தாள். திருகைத் திருகினாள், தோல்பட்டையை முகர்ந்து பார்த்தாள். "மாட்டுக்கு லாடம் கட்றா மாதிரி கட்டிக்கிறாங்களே. கனக்குமா?"

"கனக்கும்."

"ராத்திரிக்கு அவுத்துருவியா?"

"அவுத்துருவேன். இந்தப் பலக யாரு போட்டது?"

"பரண் கட்றவங்க போடுவாங்க. நான் காவலிருக்கற கொல்லைன்னா மேட்ட ஒட்டிக் கட்டுவாங்க" என்ற குப்பம்மா சிரித்தாள். "நீ இன்னா, பலகையவே வந்து கேக்கற?"

தாஹிரா பின்னால் இருந்த மண்ணையும் பரண் விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். இதே மாதிரி ஒன்றை எங்கேயோ பார்த்திருக்கிறாள். எங்கே? மாடி லேபில் அவள் இடம் மலைப்பக்கத்துப் பின் ஜன்னல் ஓரம். ஒருநாள் பெயர்ந்துபோன கம்பி வழியாக ஓர் ஆடு தலையை நுழைத்து, மேஜைமேல் இருந்த லிட்மஸ் தாளைத் தின்றுவிட்டது. நாக்கு சிவப்பாயிற்றா, நீலமாயிற்றா என்று பையன்கள் அதன் வாயைப் பிளந்து பார்த்தார்கள். பஞ்சாட்சரம் அதை வைத்து ஒரு வாரம் காலேஜையே சிரிக்கவைத்தான். எல்லோரோடும் சேர்ந்து அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை.

"தாஹிரா!" என்று கீழேயிருந்து அந்த மைக் இல்லாத குரல். பஞ்சாட்சரம் சாமைக் கதிர்களைக் கையால் விலக்கிக்கொண்டு ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது. வராந்தாவில் அவளைக் காணாமல் ஊரெல்லாம் தேடியிருப்பான் போல. "கதிர மிதிக்காதய்யா!" என்று குப்பம்மா போட்ட சத்தம் அவன் காதில் விழவில்லை.

"அசையாத! அப்படியே இரு! யாரு உன்ன இவ்வளவு ஒசரத்துல ஏத்துனது?"

"யாரும் ஏத்தல. நானேதான் வந்தேன்."

"வெளையாடாத. இரு, ஏணி மேல வர்றேன், பயப்படாம என் தோள்மேல கைய வையி." ஏணியின் அடியில் நின்று இரண்டு கைகளையும் மேலே நீட்டினான். நாற்காலியைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய கைகள். தாஹிராவுக்கு அவன்மேல் பாசமாக இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. பரண் விளிம்பில் குனிந்து கேட்டாள்.

"அண்ணே, லிட்மஸ் தின்னுச்சே ஒரு ஆடு, அது மாடிப்படி ஏறியா வந்துச்சு?"

"ஆடா? இப்ப இன்னாத்துக்கு ஆடு?" என்றவன் அப்படியே நிறுத்திவிட்டான். குப்பம்மா கவணைச் சுழற்றினாள்; சாமைக்கொல்லையிலிருந்து கிளிக்கூட்டம் எழுந்து அவன் தலைக்குமேல் பறந்து போனது. நீட்டிய கைகளை மடக்க மறந்து, பரணின் காலடியிலிருந்து மேல்நோக்கிப் போகும் மண்சரிவைப் பார்த்தபடி, பஞ்சாட்சரம் ஏணியை விட்டு விலகி மெல்லச் சுற்றி நடக்கத் தொடங்கினான்.