அறுந்த பெல்ட்டின் வாசம்

நல்லரத்தினத்தின் வேனை உழவு மெசின் ஒன்று கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓட்டமாவடிக்கு வந்து சேர்ந்தபோது, முத்தலிப் தன் கராஜ் வாசலில் நின்று சாரனை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருஷம் அது. வாகரை அகதி முகாமுக்கு மருந்துப் பெட்டிகளும் இரண்டு தாதிமாரும் ஏற்றிப் போன வழியில், பனிச்சங்கேணிப் பாலத்தடியில் வேன் நின்றுவிட்டதாம். சத்தம் இல்லை, புகை இல்லை, யாரோ திறப்பைத் திருப்பி நிறுத்தினதுபோல அடங்கிப் போயிற்று என்று நல்லரத்தினம் சொன்னார்.

சத்தமில்லாமல் என்றதுமே முத்தலிப்புக்கு விஷயம் விளங்கிவிட்டது. என்ஜினின் முன்மூடியைக் கழற்றினார். டைமிங் பெல்ட் அறுந்து, பல்லெல்லாம் கொட்டிக் கிடந்தது. அந்தப் பெல்ட்டைப் புதிதாகப் பெட்டி உடைத்துப் போட்டவர் அவர்தான். நாலைந்து வருஷம் உழைக்க வேண்டிய சாமான் மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

கூட வந்திருந்த கதிர்காமத்தம்பி, நல்லரத்தினத்தின் மனைவியின் தம்பி, பெல்ட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். என்ஜின் சாமான் எது, இடியப்ப உரல் எது என்று தெரியாத மனிதர். வாய் மட்டும் சும்மா இருக்காது.

“புதுப் பெல்ட் மூணு மாசத்தில அறுமா அத்தான்? பழசக் கழுவித் துடைச்சுப் போட்டிருப்பாங்க. நீங்களும் நம்பி ஓடித் திரிஞ்சிருக்கிறீங்க.”

தேத்தண்ணிக் கடையடியில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். முத்தலிப் நல்லரத்தினத்தின் முகத்தைப் பார்த்தார். ‘சும்மா இரு’ என்று ஒரு சொல் வரும் என்று காத்து நின்றார். வரவில்லை. நல்லரத்தினம் குனிந்து செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அதுதான் சுட்டது. ஒரே தெருவின் இந்தத் துண்டு ஓட்டமாவடி, முஸ்லிம்கள். அடுத்த துண்டு வாழைச்சேனை, தமிழர். ஊர் குழம்பிக் கடைகள் பூட்டிக் கிடந்த காலங்களிலும் நல்லரத்தினம் தன் மொரிஸ் மைனர் காரை இந்த வாசலில்தான் கொண்டுவந்து நிறுத்துவார். அவரைப் பார்த்துத்தான் மற்றத் தமிழ் ஆட்களும் வந்தார்கள். அவர் போனால் அவர்களும் போவார்கள். அது ஒரு பக்கம். இருபது வருஷமாகக் கூட இருந்து சாப்பிட்ட மனிதர் தன்னைக் கள்ளன் என்று நினைக்கிறாரே என்பதுதான் முத்தலிப்புக்குத் தாங்கவில்லை.

“நாளைக்குப் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு வாங்க,” என்றார். “ஏன் அறுந்திச்செண்டு சொல்றன். அதுவரைக்கும் ஆரும் ஒண்டும் கதைக்க வேணாம்.”

முத்தலிப்புக்கு ஒரு குணம் உண்டு. உடைந்த சாமான் ஏன் உடைந்தது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. மற்ற மெக்கானிக்மார் புதுசு போடு என்று முடித்துவிடுகிற இடத்தில், இவர் பழசைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபடி நிற்பார். அவர் மனைவி றமீஸா இதற்காகவே பாதி ஆயுள் ஏசியிருக்கிறாள்.

பெல்ட்டைப் பற்றி அவருக்கும் நல்லரத்தினத்துக்கும் ஏற்கெனவே ஒரு வாக்குவாதம் நடந்திருந்தது. மொரிஸ் மைனர் செயின் வண்டி. அதைக் கடல் கொண்டுபோன பிறகு எடுத்த இந்தப் பழைய டீசல் வேனில், செயின் இருக்க வேண்டிய இடத்தில் பல் வைத்த றப்பர் பெல்ட் ஓடுவதைக் கண்டு நல்லரத்தினம் முகத்தைச் சுளித்தார். முத்தலிப்பை, முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல, ‘காக்கா’ என்றுதான் அவர் கூப்பிடுவார்.

“இரும்பு செய்யிற வேலைய றப்பர் செய்யுமா காக்கா?”

“நெல்லுக் குத்தக்க ஒராள் உலக்கை போடும், மத்தாள் கையால நெல்லத் தள்ளும்,” என்று முத்தலிப் விளக்கினார். “ரெண்டு பேருக்கும் தாளம் ஒண்டா இரிக்கோணும். தப்பினா கை நசுங்கும். என்ஜினுக்குள்ள பிஸ்டன் உலக்கை, வால்வு கை. தாளத்தப் புடிக்கிறதுதான் செயினும் பெல்ட்டும். செயின் வயசு போனா கிலுகிலெண்டு கத்தும், நாம கேட்டுத் திருத்தலாம். பெல்ட் லேசு, சத்தமில்ல. ஆனா சொல்லாம அறுந்துரும்.”

“சொல்லாமப் போறது எனக்குப் பிடிக்காது காக்கா,” என்றார் நல்லரத்தினம். அவருடைய மனைவி அன்னப்பூரணியைக் கடல் கொண்டுபோய் அப்போது நாலைந்து மாதந்தான். முத்தலிப் புதுப் பெல்ட்டின் பெட்டியை உடைத்தார்.

வேன் வந்த மறுநாள் விடிந்ததும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். மூடிக்குள் கல் ஏதும் போய்ப் பல்லில் மாட்டியதா? இல்லை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற உருளை இறுகி நின்றுவிட்டதா? விரலால் தட்டினார், பம்பரம் மாதிரிச் சுற்றியது. தண்ணீர்ப் பம்பில் ஒழுக்கா? காய்ந்து கிடந்தது. கடைசியில் பெல்ட்டை எடுத்து வளைத்துப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டார். றப்பர் ஊதி மெத்தென்றிருந்தது. நகத்தால் கீறினால் பல் தேத்தண்ணியில் நனைத்த பாண் துண்டு மாதிரிப் பிய்ந்து வந்தது.

எண்ணெய் பட்டால்தான் றப்பர் இப்படி ஊறும். செயின் என்ஜினுக்கு உள்ளே எண்ணெயில் குளித்துக்கொண்டு வாழ்கிற சாதி. பெல்ட் வெளியே, மூடிக்குள், காய்ந்தபடி வாழ வேண்டியது. அப்படியானால் என்ஜின் எண்ணெய் எங்கேயோ ஒழுகியிருக்க வேண்டும். ஒழுக்கு வரக்கூடிய சீல்களையெல்லாம் வெள்ளைத் துணியால் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. பெல்ட்டில் இருந்த எண்ணெயும் கறுப்பு இல்லை. நல்ல தெளிந்த எண்ணெய். முத்தலிப்புக்குப் பசி பறந்துவிட்டது.

மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு அதில் ஒரு சின்ன ஓட்டை, அதற்கொரு றப்பர் அடைப்பு. மூடி முழுக்க வாகரை ரோட்டுப் புழுதி அப்பியிருந்தது. அடைப்பு மட்டும் கைபட்டுக் கைபட்டு மினுமினுத்தது. யாரோ அதை அடிக்கடி திறந்து மூடியிருக்கிறார்கள். வேண்டுமென்றே கெடுத்தவர்களா? கதிர்காமத்தம்பியின் முகம் ஒரு கணம் வந்து போனது. ஆனால் அந்த மனிதருக்கு என்ஜின் இருக்கிற இடமே சரியாகத் தெரியாதே.

றமீஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் உடுப்புத் தைக்கிறவள். பெல்ட் பக்கமாகக் குனிந்து மூக்கைச் சுருக்கினாள்.

“என்ட மிசின் எண்ணெயையா எடுத்தீங்க?”

“எந்த மிசின்?”

“தையல் மிசின். அந்த வாசம்தான் வருது.”

முத்தலிப் பெல்ட்டை மூக்கடியில் பிடித்தார். அதே வாசம். அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

கடல் வந்து போன கிழமை, கல்குடாக் கடற்கரையில் தாழம்பற்றைக்குள் இருந்து அன்னப்பூரணியின் தையல் மிசினை நல்லரத்தினம் இழுத்தெடுத்து வந்தார். ஆள் கிடைக்கவில்லை, மிசின் கிடைத்தது. உப்பேறி இறுகிப் போன அதைக் கழற்றிக் கழுவி ஓடவைத்துக் கொடுத்தவர் முத்தலிப். ‘கிழமைக்கு ஒருக்கா எண்ணெய் விடு தம்பி, எண்ணெய் இரிந்தா உப்பு ஒண்டும் செய்யாது’ என்று சொல்லிக் கொடுத்தவரும் அவரே. மொரிஸின் செயினுக்கும் இருபது வருஷமாக அதையேதான் ஓதினார். பெல்ட்டைப் போட்ட அன்று, இதற்கு மட்டும் விடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தெரிந்த விஷயந்தானே என்று விட்டுவிட்டார்.

கண்டுபிடித்த சந்தோஷம் தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னமே ஆறிப்போனது. இதைச் சந்தியில் சொன்னால் தன் பேர் மிஞ்சும், கதிர்காமத்தம்பியின் வாயும் அடங்கும். ஆனால், மனைவியின் மிசினுக்கு விட்ட எண்ணெய்தான் உன் வேனைக் கெடுத்தது என்று நாலு பேருக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? அவருக்குத் தன்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

அஸருக்குப் பிறகு இருவரும் வந்தார்கள். தேத்தண்ணிக் கடையே எழும்பி வந்து வாசலில் நின்றது.

“பிழை என்னில,” என்றார் முத்தலிப். “போட்ட நேரம் ஒண்ட மறந்துட்டன். புதுப் பெல்ட் போட்டு, நெளிஞ்ச வால்வையும் நானே மாத்தித் தாறன்.”

“நான் சொன்னன்தானே,” என்று கதிர்காமத்தம்பி கூட்டத்தைப் பார்த்தார்.

நல்லரத்தினம் அதைக் கவனிக்கவில்லை. மேசையில் கிடந்த பெல்ட்டை எடுத்து விரலால் தடவினார். மணந்து பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த மூடியின் மினுமினுத்த அடைப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“காக்கா, பெல்ட்டுக்கு எண்ணெய் கூடாதா?”

முத்தலிப் வேறு பக்கம் பார்த்தார்.

“கேக்கிறன் காக்கா. கூடாதா?”

“கூடாது தம்பி. செயினுக்குத்தான் எண்ணெய். பெல்ட் காஞ்சு கிடக்கோணும்.”

நல்லரத்தினம் எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். “வெள்ளிக்கிழமையில அவட மிசினுக்கு விட்டுட்டு, மறுகா இதுக்கும் ரெண்டு சொட்டு விடுவன். கடலுக்குப் பிறகு எதையும் சும்மா விட மனம் வருகுதில்ல.” மச்சானின் பக்கம் திரும்பினார். “காக்கா போட்டது புதுப் பெல்ட்தான். அறுத்தது நான்.”

அக்காவின் மிசின் என்றதும் கதிர்காமத்தம்பி வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கூட்டம் மெல்லக் கலைந்து கடைக்குப் போனது.

“நேத்து நான் வாய் திறந்திருக்கோணும் காக்கா,” என்றார் நல்லரத்தினம்.

“நானும் மூணு மாசத்துக்கு முந்தித் திறந்திருக்கோணும்.”

இருவரும் வாங்கில் வந்து இருந்தார்கள். நல்லரத்தினம் பெல்ட்டை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். “அப்ப, வெள்ளிக்கிழமையில அந்த ரெண்டு சொட்ட எங்க விடுறது?”

முத்தலிப் எழும்பி வேனைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பக்கத்து இழுவைக் கதவைப் பிடித்து இழுத்தார். உப்புக் காற்றில் துருவேறிய தண்டவாளத்தில் அது ஊரைக் கூட்டிக்கொண்டு திறந்தது.

“இஞ்ச விடு,” என்றார். “எவ்வளவும் விடலாம்.”

பிறகு நாட்டில் யுத்தம் முடிந்து, அந்த வேன் கொழும்புக்கும் ஓடத் தொடங்கியது. பெல்ட்டை முத்தலிப் காலத்துக்குக் காலம் மாற்றினார். உள்ளே அது எண்ணெய் படாமல் காய்ந்தபடி ஓடியது. கதவு மட்டும் சின்னப் பிள்ளை ஒரு விரலால் தள்ளினாலும் சத்தமில்லாமல் திறக்கும். ஏறுகிறவர்கள் சட்டையில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டதென்று ஏசுவார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் நல்லரத்தினம் அதற்கு இன்னும் இரண்டு சொட்டு விடுவார்.