உம் கொட்டாத இன்ஜின்

எங்கள் கம்பெனியில் மொத்தம் இரண்டே பேர், நானும் என் கூட்டாளியும். பாட்டுக்கு எதிரொலி சேர்க்கும் சின்ன மென்பொருள் ஒன்றைச் செய்கிறோம். திரையில் தெரியும் திருகு, அளவு காட்டும் முள் எல்லாம் என் வேலை. உள்ளே ஒலியை அரைத்துத் தரும் இன்ஜின் அவர் வேலை. அதனால் அவர் எனக்கு ‘இன்ஜின்’, நான் அவருக்கு ‘மூஞ்சி’. என்னைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெயரா என்று கேட்டதில்லை. பதில் தெரிந்த கேள்வியை எதற்குக் கேட்பது?

திரைக்கும் ஒலிக்கும் நடுவே செய்தி எப்படிப் போகவேண்டும் என்று அன்று முடிவு செய்தாக வேண்டும். நான் ஒரு வழிமுறை எழுதி வைத்திருந்தேன். திருகைத் திருப்பினால் செய்தி போகும். இன்ஜின் வேலையை நிறுத்தி “ம்” என்று பதில் அனுப்பும். அதற்கு ‘உம்’ என்றே பெயரும் வைத்திருந்தேன்.

மதியம் போன் வந்தது.

“யோவ் மூஞ்சி, இதைக் கேளு.”

பாட்டு நடுவே ஏதோ பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம்.

“மழை எஃபெக்ட்டாண்ணே? நல்லாருக்கே.”

“உன் உம்முதான்யா! கையில இருக்கற வேலைய விட்டுட்டு ஒவ்வொரு தடவையும் உம் கொட்டுது. அந்த நேரம் சத்தம் அறுந்துபோகுது.”

“நான் அனுப்புனது போய்ச் சேந்துச்சான்னு எனக்குத் தெரிய வேணாமா?”

“ஏன் அப்படி அடிச்சுக்கற?”

முள் பொய் காட்டக்கூடாது என்றேன். அது தொழில்முறைப் பதில். உண்மைப் பதில் வேறு.

என் மனைவி ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். சில மாதங்களாக வேறு ஊரில் வேலை. நான் நாள் முழுக்க எதையாவது அனுப்பிக்கொண்டே இருப்பேன். பால் திரிந்துவிட்டது, பல்பு போய்விட்டது. அன்று காலை, எதிர்வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை என்று அனுப்பியிருந்தேன். இங்கே இருந்தவரை, நான் என்ன புலம்பினாலும் அடுத்த அறையிலிருந்து ஒரு “ம்” வரும். இப்போது அதுவும் இல்லை. முந்தின நாள்தான் சண்டை போட்டேன்.

“ஒரு ம் போட்டா குறைஞ்சா போயிடுவ?”

“கையில கத்தரிக்கோல வெச்சுக்கிட்டு எப்படிங்க போடறது?” போனை வைத்துவிட்டாள்.

என் தொழில்முறைப் பதிலைக் கேட்டு இன்ஜின் கொஞ்சம் இறங்கி வந்தார். “அது பதில் சொல்லாது. ஆனா எங்க இருக்கேன்னு ஒரு இடத்துல எழுதி வெச்சிட்டு ஓடிக்கிட்டே இருக்கும். வேணுங்கறப்ப நீயே போய்ப் பாத்துக்க. நிறுத்தி வெச்சுக் கேக்காத.”

‘உம்’மை அழித்துவிட்டு, முள் அந்த இடத்தைப் போய்ப் பார்த்துக்கொள்ளும்படி மாற்றினேன். திருகைத் திருப்பினேன். பாட்டு எங்கும் தடுக்காமல் ஓடியது. முள்ளும் சரியாக நகர்ந்தது.

பிறகுதான் நான் போய்ப் பார்க்காத இடம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. என் மனைவியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸ் போடுகிறவர்களை நக்கலடிப்பது என் கொள்கை. திறந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கும் ஒரு நாய். கீழே ஒரு வரி: ‘இதுவும் குரைக்கல.’

அதற்கு முந்தையது எதுவும் இல்லை. ஒரு நாளுக்கு மேல் அது தங்காதாம். இத்தனை மாதமும் என்னென்ன போட்டாளோ.

“ம்” என்று சொன்னேன். அடுத்த அறை வரைக்கும் கேட்டிருக்கும்.